குளிரை வென்ற வேடர்கள்

பூகோளப் படத்தில் கனடா தேசத்தின் வடகோடியைப் பார்த்தால், கீழே விழுந்து உடைந்த மண்பாண்டத்தின் ஓடுகளைப் போல எண்ணற்ற தீவுகள் சிதறிக் கிடக்கும். அவற்றுள் ஒன்று கிங் வில்லியம் தீவு. அதன் தென்கிழக்குக் கரையில் ஜோவா ஹேவன் என்னும் சிற்றூர் இருக்கிறது. அது மேனாட்டார் இட்ட பெயர். ஊர் மக்கள் அதனை உக்சுக்தூக் என்கிறார்கள். ‘கொழுப்பு மிகுந்த இடம்’ என்பது அதன் பொருள். ஓர் ஊருக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா என்று நேயர்கள் நகைக்க வேண்டாம். நெல்லால் வாழும் நாம் நெல்லைக் கொண்டாடுகிறோம். கொழுப்பால் உயிர் தரிக்கும் அவர்கள் கொழுப்பைக் கொண்டாடுகிறார்கள்.

அப்பிரதேசத்தில் மரமே கிடையாது. ஆகையால் விறகு என்ற பேச்சுக்கே இடமில்லை. குளிர்காலத்தின் நடுவே சில வாரங்களுக்குச் சூரியன் உதிப்பதே இல்லை. வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகை வரையில் இறங்கிவிடும். பாரன்ஹீட்டா, சென்டிகிரேடா என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு அளவைகளும் ஒன்றாய்ச் சேரும் இடம் அதுதான். மார்கழிப் பனிக்கே காதை மூடிக்கொள்ளும் நமக்கு, அங்கே மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர், அதிலும் வெட்டவெளியில் எவ்வாறு வேட்டையாடினர் என்பது பெரிய ஆச்சரியமாகவே தோன்றும்.

அம்மக்களை எஸ்கிமோக்கள் என்று நம் பழைய பாடப் புத்தகங்கள் கூறின. அது பிறர் இட்ட பெயர். அவர்கள் தங்களை இனுயிட் என்று சொல்லிக்கொள்வர். ‘மனிதர்கள்’ என்பதே அதன் பொருள். கிங் வில்லியம் தீவைச் சூழ்ந்த பகுதியில் வாழ்பவர் அவர்களுள் நெட்சிலிக் என்னும் பிரிவினர்.

அசையாமல் நிற்கும் வேட்டை

ஓடி வேட்டையாடுகிறவனுக்குக் குளிர் அவ்வளவாகத் தெரியாது. நெட்சிலிக் வேடனுடைய குளிர்கால வேட்டையோ அசையாமல் நிற்கும் வேட்டை. கடல் ஏறக்குறைய 6 அடி கனத்துக்கு உறைந்து கிடக்கும். அதன் அடியில் சீல் என்னும் கடல்நாய் வாழ்கிறது. அதற்கு அவ்வப்போது மூச்சு விட வேண்டும். ஆகையால் பனிக்கட்டி உறையத் தொடங்கும்போதே, தன் நகங்களால் சுரண்டிச் சுரண்டிப் பல துவாரங்களை மூடாமல் காத்து வரும். அத்துவாரங்களை மேலே வெண்பனி மறைத்துவிடும். மோப்பம் பிடித்து இடத்தைக் காட்டுவது நாயின் வேலை.

துவாரம் கண்டதும் வேடன் அதனுள் மெல்லிய எலும்புக் குச்சி ஒன்றைச் செருகி வைப்பான். சீல் மூச்சு விட வந்தால் குச்சி ஆடும். பிறகு எறியீட்டியுடன் குனிந்து நிற்பான். ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு பகலும் ஆகலாம். காலைத் தரையில் தட்டிச் சூடேற்றிக்கொள்ள வழியில்லை. நீருக்கடியில் இருக்கும் பிராணிக்கு அவ்வோசை கேட்டுவிடும். ஆகையால் காலடியில் ஒரு தோல் துண்டை விரித்துக்கொள்வான். அது ஓசையையும் அடக்கும், கீழிருந்து ஏறும் குளிரையும் தடுக்கும். காற்று வீசும் பக்கத்தில் பனிக்கட்டிகளை அடுக்கிச் சிறு சுவர் எழுப்பிக்கொள்வதும் உண்டு.

இரட்டைச் சட்டையின் இரகசியம்

இவ்வளவு நேரம் நிற்பவனை உறையாமல் காப்பது எது? காரிபு என்னும் பனிமானின் தோல். அம்மானின் உரோமத்துக்குள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் பௌதிக பாடத்தில் படிக்கிறார்கள். இனுயிட் மக்கள் பாடப் புத்தகம் இல்லாமலே அதைக் கண்டறிந்து உடுத்திக்கொண்டார்கள்.

வேடன் இரண்டு சட்டைகள் அணிவான். உட்சட்டையின் உரோமம் உடம்பைத் தொடும். மேற்சட்டையின் உரோமம் வெளியே நோக்கும். இரண்டும் தொளதொளவென்றே இருக்கும். அவற்றினிடையே நிற்கும் காற்றும் ஒரு மூன்றாவது சட்டையாகிவிடுகிறது. கைகளுக்குக் குளிர் ஏறினால் சட்டைக்குள்ளேயே இழுத்து மார்பில் அணைத்துக்கொள்ளலாம்.

உடை இறுக்கமாயிருந்தால் வேறொரு அபாயமும் உண்டு. பனிநாட்டில் மனிதனின் கொடிய பகை வியர்வை. உழைக்கும்போது அது உடையை நனைக்கும். உழைப்பு நின்றதும் பனிக்கட்டியாக மாறும். தொளதொளத்த தோற்சட்டையில் ஈரக் காற்று கழுத்துப் பக்கமாக வெளியேறிவிடும். அனுபவமுள்ள வேடன் அவசரப்படவும் மாட்டான். உடம்பு சூடேறும்போதே முக்காட்டைப் பின்னே தள்ளி, நடையைத் தளர்த்திவிடுவான்.

இவ்வுடைகளை ஆக்குபவர் பெண்டிர். தோலைப் பதம் செய்வதும், மிருகத்தின் தசைநார்களை நூலாகத் திரித்துத் தைப்பதும் அவர்கள் கைவேலை. கோடைத் தோலில் உரோமம் போதாது. கடுங்குளிர் காலத்துத் தோல் மிகக் கனம். இலையுதிர் காலத் தொடக்கத்தில் கிடைக்கும் தோலே சட்டைக்கு உகந்தது. கடல்நாய்த் தோலால் செய்த காலணிக்குள் நீர் புகாதபடி தையல் போடுவது தனிக் கலை. ஒரு தையல் விட்டுப்போனால் ஒரு விரல் போய்விடும். வேடனுடைய வீரத்தை ஊரார் புகழ்வர்; அவ்வீரத்தில் பாதி வீட்டிலிருந்த ஊசிமுனையில் இருந்தது என்பதை மறத்தலாகாது.

பனியே வீடு

வேட்டை முடிந்து வேடன் திரும்புவதும் பனிக்குள்ளேதான். கெட்டிப்பனியைக் கத்தியால் அறுத்துச் சுழல் சுழலாக அடுக்கிக் கட்டிய இக்லூ அது. படுக்கும் மேடை உயரத்திலும் வாயில் தாழ்விலும் அமைந்திருக்கும். கனத்த குளிர்காற்று கீழே தங்க, வெப்பக் காற்று மேடைப் பக்கம் சேரும். மாக்கல்லைக் குடைந்து செய்த விளக்கில் சீல் கொழுப்பை ஊற்றிப் பாசித் திரியிட்டு ஏற்றுவார்கள். வெளிச்சமும் அடுப்பும் அதுவே. நனைந்த காலணிகளை உலர்த்துவதும் அதன் மேல்தான். உள்ளே நுழையுமுன் உடையிலுள்ள பனியைக் கோலால் தட்டி உதிர்த்துவிட வேண்டும். இல்லாவிடில் அது உருகித் தோலை நனைக்கும்.

உணவும் கொழுப்புதான். ஒரு கிராம் மாவுப் பொருள் 4 கலோரி தருமானால், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. பச்சை இறைச்சியோ, காய்கறி காணாத அந்நாட்டில் அவர்களை ஸ்கர்வி நோயினின்றும் காத்தது.

கேளாதவரும் கேட்டவரும்

இதே தீவின் அருகே, 1846-ஆம் ஆண்டில் ஸர் ஜான் பிராங்க்ளின் தலைமையில் வந்த இரண்டு ஆங்கிலக் கப்பல்கள் பனியில் சிக்கிக்கொண்டன. அவற்றில் வந்தவர் 129 பேர். 1848 ஏப்ரலில் எஞ்சியிருந்த 105 பேர் கப்பலை விட்டுவிட்டுக் கால்நடையாகத் தெற்கே புறப்பட்டனர். ஒருவரும் ஊர் திரும்பவில்லை. 1859-இல் தேடி வந்தவர்கள் சறுக்குக் கட்டையின் மேல் ஏற்றிய படகு ஒன்றைக் கண்டனர். அதில் வெள்ளிக் கரண்டிகளும் புத்தகங்களும் இருந்தன. இரண்டு எலும்புக்கூடுகளும் இருந்தன. பசியும் நோயும் குளிரும் சேர்ந்து அவர்களை மாய்த்தன. அத்தனை பேருக்கு அத்தரிசு நிலம் உணவு தந்திருக்குமா என்பது சந்தேகமே. ஆயினும் குழந்தை குட்டிகளோடு ஒரு ஜனசமூகம் வாழ்ந்துவந்த நாடு அது.

1903-இல் நார்வே நாட்டினரான ரோவால்ட் அமுண்ட்ஸன் ஆறு தோழருடன் ஜோவா என்ற சிறு கப்பலில் அங்கே வந்தார். இரண்டு குளிர்காலம் தங்கினார். நெட்சிலிக் மக்களிடம் மாணாக்கனாக அமர்ந்து, தோலுடை அணியவும் இக்லூ கட்டவும் கற்றார். பிறகு 1911 டிசம்பர் 14-ஆம் தேதி தென்துருவத்தை முதன்முதலில் அடைந்து, துணைவர் நால்வருடன் சுகமாகத் திரும்பினார். அடுத்த மாதம் அங்கே சென்ற காப்டன் ஸ்காட்டும் அவர் துணைவர் நால்வரும் வழியிலே மாண்டனர். உடை ஒன்றே காரணம் என்பது நியாயமாகாது. ஆனால் அமுண்ட்ஸனுடைய வெற்றியில் பெயரறியாத நெட்சிலிக் தையற்காரிகளுக்கும் பங்குண்டு என்பதில் ஐயமில்லை.

இன்று ஜோவா ஹேவனில் மர வீடுகளும் கடைகளும் பள்ளியும் இருக்கின்றன. நாய் வண்டியின் இடத்தை எஞ்சின் வண்டி பிடித்துக்கொண்டது. எனினும் நெடுந்தூர வேட்டைக்குப் பனிமான் தோலையே நம்பிச் செல்பவர் உண்டு. அத்தையலைப் பாட்டிமார் பேத்திமாருக்குக் கற்பித்தும் வருகிறார்கள். பிராங்க்ளினுடைய கப்பல்களில் ஒன்று 2014-லும் மற்றொன்று 2016-லும் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன. முதற் கப்பலைத் தேட வழிகாட்டியவை இனுயிட் முதியோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த செய்திகள். இரண்டாவது கப்பல் இருந்த விரிகுடாவைச் சுட்டிக் காட்டியவர் ஜோவா ஹேவன்வாசி ஒருவர். அம்மக்களின் சொல்லைக் காதில் வாங்க வெளியுலகத்துக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.