மனைவியோட ஆபீஸ் டூர்ல ஒட்டிக்கிட்டுப் போன கதை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க. ஊர் சுத்தின கதை மாதிரிதான் ஆரம்பிக்கும், போகப் போக மருத்துவம் வரும். வேலைக்குப் போற பெண்கள் படிங்க. அவங்க வீட்டு ஆண்கள் கண்டிப்பா படிங்க.

போன பிப்ரவரியில அஞ்சு நாள் கிளினிக்கை மூடினேன். திண்டுக்கல்ல கிளினிக் போட்ட இத்தனை வருஷத்துல கல்யாணம், காதுகுத்து, கான்பரன்ஸ் தவிர வேற எதுக்கும் மூடினதில்லை. "டாக்டர் வெளியூர் சென்றுள்ளார்" போர்டை எடுத்துத் துடைச்சுக்கிட்டே கம்பவுண்டர் அண்ணன் கேட்டார். "கான்பரன்ஸா சார்?"

"இல்லண்ணே. வீட்டுல அவங்களுக்கு மும்பையில ஆபீஸ் வேலை. நான் சும்மா கூடப் போறேன்."

அவர் பதில் சொல்லல. போர்டை மறுபடி ஒரு தடவை துடைச்சார்.

என் மனைவி ஒரு உணவுப் பொருள் கம்பெனியில தரக்கட்டுப்பாட்டு ஆடிட்டர். மாசத்துல எட்டு நாள், பத்து நாள் ஊர் ஊரா சரக்குக் கிடங்குகளைப் போய்ப் பாக்கணும். எலிப்பொறி சரியா இருக்கா, மூட்டை சுவரைத் தொட்டுக்கிட்டு இருக்கா, குளிர் அறையில என்ன டிகிரி ஓடுதுன்னு பாத்து எழுதுற வேலை. பதினோரு வருஷமா செய்யறா. நான் ஒரு தடவைகூட கூடப் போனதில்லை. என் கான்பரன்ஸுக்கெல்லாம் அவ வந்திருக்கா. நான் உள்ள உட்கார்ந்து ஸ்லைடு பாக்கும்போது, அவ ஓட்டல் ரூம்ல உட்கார்ந்து டிவி பாத்திருக்கா. இந்தத் தடவை பொண்ணு ஹாஸ்டலுக்குப் போயிட்டதால வீட்டுல ஆளில்லை. "நீங்களும் வாங்களேன்"னு சும்மா கேட்டா, நானும் சும்மா சரின்னுட்டேன்.

தானேயில தங்கல். பிவண்டிப் பக்கம் இருக்கிற கிடங்குகளுக்குப் போக அதுதான் வசதி. ஓட்டல் வரவேற்புல இருந்த பையன் பேரேட்டுல அவ பேரை எழுதிட்டு, என்னைப் பாத்து "ஸ்பௌஸ்?"னான். ஆமான்னேன். எங்க போனாலும் "டாக்டர் சார்"னு கேட்டுப் பழகின காதுக்கு அது கொஞ்சம் விநோதமாத்தான் இருந்துச்சு.

முதல் ரெண்டு நாள் நான் ராஜா. அவ காலையில ஏழு மணிக்குக் கார்ல கிளம்பிருவா. நான் எட்டு மணிக்கு எந்திரிச்சு இட்லி சாப்பிட்டு லோக்கல் ட்ரெயினுக்குப் போவேன். இந்தியாவுல முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்னிக்கு ஓடினது இதே தானேக்குத்தான், போரிபந்தர்லருந்து. அந்தப் பெருமையோட ஒன்பதரை மணிக்கு பிளாட்பாரத்துல நின்னேன். அந்த நேரத்துல லோக்கல்ல நாம ஏற மாட்டோம், ஏத்தப்படுவோம். எனக்கு மாட்டுங்கால இறங்கணும். நான் ஏறினது ஃபாஸ்ட் வண்டி. அது மாட்டுங்கால நிக்காது. தாதர்ல கூட்டம் என்னை வெளிய துப்புச்சு, அங்கிருந்து ஸ்லோ வண்டி பிடிச்சுத் திரும்பி வந்தேன். போறவங்க வண்டி ஃபாஸ்ட்டா ஸ்லோவான்னு பாத்து ஏறுங்க.

மாட்டுங்கா பத்தி ஒரு டாக்டரா உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பில்டர் காபியும், பூக்கடையில மல்லிச்சரமும், தமிழ்ல விலை பேசுற மாமிகளும் இருக்கிற அந்த ஏரியா ஒழுங்கான தெருக்களோட உருவானதுக்குப் பின்னாடி ஒரு நோய் இருக்கு. 1896 செப்டம்பர்ல மாண்ட்வி பகுதியில அகாசியோ வியேகாஸ்ங்கிற கோவாக்கார டாக்டர், வந்திருக்கிறது பிளேக்னு முதல்ல கண்டுபிடிச்சுச் சொன்னார். பம்பாய் காலியாக ஆரம்பிச்சுது. ஹாஃப்கின் தடுப்பூசி செஞ்சு, 1897 ஜனவரி 10 அன்னிக்குத் தன் உடம்புலயே முதல்ல போட்டுக்கிட்டார். அடுத்த வருஷம் நகர மேம்பாட்டுக்குன்னே ஒரு டிரஸ்ட் அமைச்சாங்க. நெரிசலைக் குறைக்க வடக்கே காத்தோட்டமா புதுக் குடியிருப்பு போட்டாங்க. தாதரும் மாட்டுங்காவும் அப்படி வளர்ந்ததுதான். அப்புறம்தான் நம்ம ஆட்கள் சாம்பார் வாளியோட போய்ச் சேர்ந்தாங்க. 1942லருந்து நடக்குற ராம நாயக் உடுப்பியில வாழை இலையில சாப்பிட்டுக்கிட்டே இதையெல்லாம் நினைச்சுப் பூரிச்சேன். காத்து, தண்ணி, சாக்கடை, இதெல்லாம்தான் உண்மையான மருத்துவம்னு மனசுக்குள்ள ஒரு சொற்பொழிவே ஆத்திட்டேன்.

அன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு அவ ரூமுக்கு வந்தா. "இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா"ன்னு நான் ஆரம்பிச்சேன். கையைக் காட்டி நிறுத்திட்டு நேரா பாத்ரூமுக்குப் போனா. வெளிய வந்து ஒரு லிட்டர் பாட்டிலைத் திறந்து, நின்னுக்கிட்டே முக்காவாசி குடிச்சா. முந்தின நாளும் இதே மாதிரிதான். வெயில்ல அலைஞ்சிருக்கான்னு நினைச்சுக்கிட்டேன்.

மூணாம் நாள் எனக்கு ஊர் சுத்த சலிப்பு. "நானும் உன்கூட வரட்டுமா, கார்லயே உட்கார்ந்துக்கறேன்"னேன். சிரிச்சுக்கிட்டே சரின்னா.

காலையில காபி வந்துச்சு. நான் குடிச்சேன், அவ தொடல. வீட்டுல ரெண்டு டம்ளர் குடிக்கிறவ. கேட்டதுக்கு "டூர்ல குடிக்கறதில்லைங்க"ன்னா. கார்ல தண்ணி பாட்டிலை நீட்டினேன். வாங்கி மடியில வச்சுக்கிட்டா.

பிவண்டி கிடங்குகளை நீங்க பாத்திருக்கணும். கண்ணுக்கு எட்டின தூரம் தகரக் கூரை. லாரி, லாரி, லாரி. டிரைவர்கள், கிளீனர்கள், மூட்டை தூக்குறவங்க, செக்யூரிட்டி, எல்லாரும் ஆண்கள். நான் கார்ல உட்கார்ந்து, காவல் கூண்டுல கொடுத்த டீயைக் குடிச்சு, பக்கத்துக் கடையில வடா பாவ் சாப்பிட்டு, நேரம் போக்கிக்கிட்டு இருந்தேன். மத்தியானம் ஒரு மணிக்குள்ள ரெண்டு தடவை கேட்டுக்குப் பின்னாடி இருந்த கழிப்பறைக்குப் போயிட்டு வந்துட்டேன். வரிசையா அஞ்சு. மூணுக்குக் கதவே இல்லை. மத்த ரெண்டுல தாழ்ப்பாள் இல்லை. எனக்கு அது ஒரு பிரச்சினையாவே படல.

சாப்பாட்டு நேரத்துல அவ வந்தா. ரெண்டு சப்பாத்தி, ரெண்டு மடக்கு தண்ணி. பாட்டிலை மூடிட்டா.

"தண்ணி குடி"ன்னேன்.

"குடிச்சா எங்கங்க போறது?"

சாதாரணமாத்தான் சொன்னா. எனக்குச் சட்டுன்னு புரியல. அப்புறம் அந்த அஞ்சு கதவும் ஞாபகம் வந்துச்சு.

"எத்தனை வருஷமா இப்படி?"

"வேலைக்குச் சேர்ந்ததுலருந்துதான். ஹைவேல ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு, திரும்பும்போது நிறுத்தச் சொல்லுவேன். அந்த மூணு நாள்ல டூர் வந்தாதான் கஷ்டம்."

இப்ப என் வாக்குமூலம். கடைசி ரெண்டு வருஷத்துல என் மனைவிக்கு நாலு தடவை சிறுநீர்த் தொற்று வந்துச்சு. நாலு தடவையும் மருந்து எழுதினது நான்தான். யூரின் கல்ச்சர் பாத்தேன். சுகர் பாத்தேன். கல் இருக்கான்னு ஸ்கேன் பாத்தேன். நாலு தடவையும் "நிறைய தண்ணி குடி"ன்னு சொன்னேன். ஏன் குடிக்கலைன்னு ஒரு தடவைகூடக் கேக்கல. அவளும் சொல்லல. இதுல சொல்ல என்ன இருக்கு, எல்லாப் பொம்பளைங்களும் இப்படித்தானேன்னு அவ நினைச்சிருக்கா. நாலு தடவையும் டூர் முடிஞ்சு வந்த வாரத்துலதான் வந்திருக்கு. அன்னிக்குக் கார்ல உட்கார்ந்து போன்ல தேதி பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

விஷயம் இதுதாங்க. பெண்களுக்கு மூத்திரப் பையிலருந்து வெளிய வர்ற குழாய் சுமார் நாலு சென்டிமீட்டர். ஆண்களுக்கு இருபது. மலக்குடல்ல சமர்த்தா இருக்கிற ஈ.கோலை கிருமிக்கு, பெண் உடம்புல பைக்குள்ள ஏற ரொம்பக் கொஞ்ச தூரம்தான். ஏறின கிருமியை அப்பப்ப அடிச்சு வெளிய தள்ளுறது சிறுநீர் ஓட்டம். தண்ணியே குடிக்காம, வந்ததையும் மணிக்கணக்கா அடக்கினா, கிருமிக்கு உள்ள உட்கார்ந்து பெருக நேரம் கிடைக்குது.

2018ல பல்கேரியாவுல செஞ்ச ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. அடிக்கடி தொற்று வர்ற, தண்ணி கம்மியா குடிக்கிற 140 பெண்கள். பாதிப் பேரை தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலா குடிக்கச் சொன்னாங்க. ஒரு வருஷத்துல அவங்களுக்கு வந்தது சராசரியா 1.7 தடவை. மத்தவங்களுக்கு 3.2. வெறும் தண்ணி, அவ்வளவுதான். இந்த ஆய்வை நான் எத்தனையோ பேர்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன். அந்த ஒன்றரை லிட்டரும் வெளிய போக ஒரு இடம் வேணும்ங்கிறது என் மண்டையில ஏறவே இல்லை.

எரிச்சல், அடிக்கடி போகணும்னு தோணுறது இருந்தா டாக்டரைப் பாருங்க. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க முதுகுவலி, வாந்தி, ரத்தம் கலந்து போறது, இதுல எது சேர்ந்தாலும் அன்னிக்கே போங்க, கிட்னி வரைக்கும் ஏறியிருக்கலாம். கர்ப்பிணிகள் லேசான எரிச்சலுக்கே போகணும். மெடிக்கல் ஷாப்ல போன தடவை சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கி மூணு வேளை போட்டு நிறுத்துறது மட்டும் வேண்டாம். மருந்து கேக்காத கிருமியை நாமளே வளர்க்கிற வேலை அது.

சாயங்காலம் அவ லேப்டாப்ல ரிப்போர்ட் எழுதும்போது எட்டிப் பாத்தேன். எலிப்பொறிக்கு மட்டும் ஆறு கேள்வி. கீழ ஒரு வரி: கழிப்பறை வசதி, உண்டு அல்லது இல்லை. பதினோரு வருஷமா "உண்டு"ன்னு டிக் போட்டிருக்கா. "உண்டுதானேங்க"ன்னா. அப்புறம் ரொம்ப நேரம் அந்த வரியையே பாத்துக்கிட்டு இருந்தா.

இதே மும்பையில 2011லருந்து பெண்கள் அமைப்புகள் சேர்ந்து 'ரைட் டு பீ'ன்னு ஒரு இயக்கம் நடத்துறாங்க. பொதுக் கழிப்பறையில ஆம்பளைங்க சிறுநீர் கழிக்க இலவசம், பொம்பளைங்கன்னா காசு. அந்தக் கேள்வியில ஆரம்பிச்சது. நான் அதைச் சொன்னதும், "கம்பெனியில என்ன நினைப்பாங்க, இதுக்குத்தான் இந்தம்மாவ அனுப்புனோமான்னு கேப்பாங்க"ன்னா. நான் எதுவும் சொல்லல, சொல்ற தகுதி எனக்கு இருக்கிறதா தோணல. கடைசில குறிப்புகள் கட்டத்துல ஒரே வரி தட்டினா. தாழ்ப்பாள் இல்லை, பெண்களுக்குத் தனியாக இல்லை. அனுப்பிட்டு லேப்டாப்பை டப்னு மூடினா. கம்பெனியிலருந்து அதைப் பத்தி இன்னும் ஒரு பதிலும் வரல. அடுத்து ஜூலையில ஐதராபாத் போறா.

இதை எழுதட்டுமான்னு கேட்டேன். "எழுதுங்க. ஆனா நான் பாவம்கிற மாதிரி எழுதாதீங்க"ன்னா.

ஊர் திரும்பினதுலருந்து தொற்றோட வர்ற ஒவ்வொரு பெண்கிட்டயும் ஒரு கேள்வி கூடுதலா கேக்கறேன். வேலை பாக்குற இடத்துல பாத்ரூம் இருக்காம்மா? ஜவுளிக்கடைப் பொண்ணு சொன்னா, நாலாவது மாடியில இருக்கு சார், சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுப் போகணும். அவர் மணி பாப்பார். ஒரு டீச்சரம்மா சொன்னாங்க, பிள்ளைங்களோடதுதான், தண்ணி வராது. பஸ் கண்டக்டர் ஒருத்தங்க பதிலே சொல்லல, சிரிச்சாங்க.

போன வாரம் ஒரு அம்மா. மூணாவது தடவையா வர்றாங்க. யூரின் டெஸ்டுக்கு டப்பா கொடுத்தேன். கையிலயே வச்சுக்கிட்டு நின்னாங்க. "வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வரட்டுமா சார்?"

ஏன்னு கேட்டேன். என் கிளினிக்கோட பாத்ரூம் பின்பக்கம் இருக்கு. பூட்டித்தான் இருக்கும். சாவி கம்பவுண்டர் அண்ணன் சட்டைப் பையில. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற இடத்துல அவர்கிட்ட போய்க் கேக்க அவங்களுக்குக் கூச்சம்.

பூட்டை எடுத்தாச்சு. உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் போட்டு, ஒரு பல்பு, ஒரு குப்பைக் கூடை வச்சாச்சு. ஆசாரிக்கு அரை மணி நேர வேலை.