பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு தலைநகரம்

எங்க நாலு பேர் கூட்டணியில ஒருத்தர் லண்டன்ல ஏழு வருஷம் ஆணி பிடுங்கிட்டு ஊர் திரும்பினவர். நல்ல மனுஷன்தான். ஆனா மார்கழி பொறந்து லேசாக் குளிர ஆரம்பிச்சா கொசுவத்தியைச் சுத்த விட்டுருவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லண்டன்ல ரயிலேறி ராத்திரி சாப்பாட்டுக்கு பாரிஸ் போன கதை, பிரஸ்ஸல்ஸ்ல கையுறை வாங்கின கதை, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். "ரெண்டேகால் மணி நேரம்யா. வேற நாடு, வேற தலைநகரம்!" இதுதான் அவரோட பஞ்ச் டயலாக்.

இந்த வாட்டி எங்க கூட்டத்து வாத்தியார் (கள்ளக்குறிச்சிக்காரர், அரசுப் பள்ளி) பொறுமை இழந்துட்டார். "யோவ், எங்க ஊருக்கு வாரும். ரெண்டு மணி நேரத்துல நானும் ஒரு வேற நாட்டுத் தலைநகரத்தைக் காட்டுறேன்"ன்னார். நாங்க சிரிச்சோம். அவர் சிரிக்கலை.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை விடியக்காலையில, கிளாம்பாக்கத்துல ஏறின பஸ்ல இருந்து கள்ளக்குறிச்சியில போய் இறங்கினோம். வாத்தியாரோட கார்ல கச்சிராயபாளையம் ரோடு. கரும்பு வெட்டுற சீசன். முன்னாடி டிராக்டர், அதுல மலை மாதிரி கரும்பு, பின்னாடி நாங்க. கள்ளக்குறிச்சி 2 கூட்டுறவு சர்க்கரை ஆலை கச்சிராயபாளையத்துலதான் இருக்கு. ஓவர்டேக் பண்ண வழியே இல்லை. ஆனா கண்ணாடியை இறக்கினா வெல்லப்பாகு வாசனை, அதனால யாரும் கோபப்படலை.

அதைத் தாண்டினா கோமுகி அணை. முழுக் கொள்ளளவு 46 அடி. கிட்டத்தட்ட ரொம்பியிருந்துச்சு. தண்ணிக்கு மேல பனி அப்படியே படுத்துக்கிடந்தது. கேமராவை எடுத்த லண்டன்காரரை வண்டிக்குள்ள ஏத்தவே கால் மணி நேரம் ஆச்சு. அதுக்கப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். வழியில பெரியார் அருவி. வடகிழக்குப் பருவமழை முடிஞ்ச கையோட போனா நல்லாவே தண்ணி இருக்கும், ரோட்டுப் பக்கத்துலயே. குளிச்சோம். அந்தக் குளிர்ல குளிச்சது பத்தி நான் எதுவும் சொல்றதா இல்லை. அவ்வ்வ்வ்.

ராத்திரி கரியாலூர்ல தங்கல். மறுநாள் காலையிலதான் 'தலைநகரம்', அதாவது வெள்ளிமலை.

தலைநகரம்னதும் நீங்க எதையாவது கற்பனை பண்ணினா அதுக்கு நான் பொறுப்பில்லை. ஒரு கடைவீதி, பஸ் நிக்குற இடம், ஒன்றிய அலுவலகம், தாலுகா அலுவலகம், டீக்கடைகள். 2019ல விழுப்புரத்தைப் பிரிச்சு கள்ளக்குறிச்சி மாவட்டம் வந்தப்ப கல்வராயன்மலையும் தனித் தாலுகா ஆச்சு. அதுக்கு வெள்ளிமலைதான் தலைமையிடம். லண்டன்காரர் சுத்தி முத்திப் பாத்துட்டு, "இதுவா உம்ம பாரிஸ்?"ன்னார். வாத்தியார், "மொதல்ல டீ குடியும், அப்புறம் பேசலாம்"ன்னார்.

டீக்கடை பெஞ்சுல ஒரு பெரியவர். எழுபத்தஞ்சுக்கு மேல இருக்கும். தலையில மப்ளர், தோள்ல போர்வை. வாத்தியாரைப் பாத்ததும், "வா சாரு, பள்ளிக்கூடம் லீவா?"ன்னு இடம் விட்டு உக்காந்தார். பேச்சு பழைய காலத்துப் பக்கம் போச்சு. "எங்கப்பாரு காலத்துல எங்களுக்கு கலெக்டரும் கெடையாது, தாசில்தாரும் கெடையாது சாமி. ஜாகீர்தாருதான் சர்க்காரு. ஏரு பூட்டணும்னா மொதல்ல அவுங்க காட்டுல ஓட்டிப்புட்டு அப்புறந்தான் நம்ம காட்டுல. கூலியெல்லாம் கெடையாது. கூழு ஊத்துவாங்க."

வாத்தியார் சொன்ன 'வேற நாடு' அப்பத்தான் எங்களுக்குப் புரிய ஆரம்பிச்சது.

விஷயம் இதுதான் மக்களே. இந்த மலை மூணு ஜாகீராப் பிரிஞ்சு கிடந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர்னு மூணு பரம்பரை. கிருஷ்ணதேவராயர் காலத்துல கொடுத்ததுன்னு மலையில சொல்லுவாங்க. வெள்ளைக்காரன் வந்தான், போனான். 1947ல நாடு சுதந்திரம் வாங்குச்சு, 1950ல குடியரசு ஆச்சு, கீழே ஜமீன் எல்லாம் ஒழிஞ்சது. மலைமேல ஜாகீர் அப்படியே இருந்தது. 1976லதான் அரசாங்கம் முழுசா எடுத்துக்கிச்சு. எமர்ஜென்சி காலம்! நாட்டுல பாதிப் பேரு உரிமை போச்சேன்னு தவிச்சுட்டு இருந்தப்ப, இங்க ஒரு மலைக்கு அப்பத்தான் அரசாங்கமே வந்திருக்கு. இந்த ஒரு வரி என் மண்டைக்குள்ள இன்னும் சுத்திட்டே இருக்கு.

2024ல சென்னை உயர் நீதிமன்றம் இந்த மக்களோட நிலைமையைத் தானா முன்வந்து வழக்கா எடுத்துச்சு. ஓட்டுரிமையே 1996லதான் கிடைச்சதுன்னு அதுல சொல்லப்பட்டது. லண்டன்காரருக்கு வயசு நாப்பத்தாறு. "அப்ப நான் காலேஜ் சேரப்போற நேரம்யா"ன்னார். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் பாரிஸ் பேச்சே எடுக்கலை :-)

நடுவுல ஒரு காமெடி. "இங்க இருக்கிறவங்க மலையாளிகள்"னு வாத்தியார் சொன்னதும் லண்டன்காரர், "கேரளாவுல இருந்து இவ்வளவு தூரமா?"ன்னு கேட்டுட்டார். பெரியவர் சிரிச்ச சிரிப்புல டீ சிந்திருச்சு. மலையை ஆளுறவங்க, மலையாளி. பேசுறது தமிழ்தான், அதுவும் நம்மளைவிட நல்ல தமிழ். இவங்க முன்னோர் காஞ்சிபுரத்துல இருந்து வந்து மலையேறின அண்ணன் தம்பிங்கன்னு ஒரு கதை இருக்கு. கரியராமர் அவங்க கும்பிடுற சாமி.

நாங்க பேசிட்டிருந்தப்ப பக்கத்துல ஒரு பையன் செல்போனைப் பாத்துட்டு நின்னான். பி.காம். முடிச்சவன், திருப்பூர்ல பனியன் கம்பெனியில கணக்கு எழுதுறானாம், லீவுக்கு வந்திருக்கான். வாத்தியாரோட பழைய மாணவன். "சார், நீங்க எல்லாம் எதுக்கு வந்தீங்க?"ன்னான். சுத்திப்பாக்கத்தான்னோம். "நெசமாவா?"ன்னு இன்னொரு வாட்டி கேட்டான்.

ஏன் கேட்டான்னு அவனே சொன்னான். "ரூம் பாக்கப் போனா ஊரு எதுன்னு கேப்பாங்க சார். கல்வராயன்மலைன்னு சொன்னதும் ஒண்ணு சிரிப்பாங்க, இல்ல 'ரெண்டு லிட்டர் கொண்டாரியா'ம்பாங்க. 2024க்கு அப்புறம் அதுவும் இல்ல. 'எங்க ஊரு ஆளுங்களைக் கொன்னவங்கதானே'ங்கிறாங்க."

2024 ஜூன் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச்சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்தாங்க. டிவி பூரா கல்வராயன்மலை, கல்வராயன்மலைன்னே ஓடுச்சு. மலையில சாராயம் காய்ச்சுறது உண்டு. அதை யாரும் மறைக்கலை, போலீஸ் ஊறலை அழிக்கிற போட்டோ வருஷா வருஷம் பேப்பர்ல வரும். ஆனா கருணாபுரத்துல ஆளைக் கொன்னது மெத்தனால். தொழிற்சாலைக்குப் போற கெமிக்கல். வெல்லமும் பட்டையும் போட்டு ஊறவைக்கிற அடுப்புல இருந்து அது இறங்கி வராது. கீழ இருக்கிற கம்பெனி, கீழ ஓடுற லாரி, கீழ இருக்கிற வியாபாரி. கெட்ட பேரு மட்டும் மலையேறிருச்சு. அந்தப் பையன் இதை இவ்வளவு நீட்டிச் சொல்லலை. "அது எங்க சரக்கு இல்ல சார்"ன்னு மட்டும் சொன்னான். யார்கிட்டயோ ஒரு தடவையாவது சொல்லிரணும்னு இருந்த மாதிரி ஒரு குரல்.

பெரியவர் அவனை அடக்கப் பாத்தார். "விருந்தாளிகிட்ட என்னாத்துக்குடா இதெல்லாம்?" அவன் விடலை. அடுத்து செம்மரம். 2018 பிப்ரவரியில ஆந்திராவுல கடப்பா பக்கம் ஒண்டிமிட்டா ஏரியில அஞ்சு பேர் பொணமா மிதந்தாங்களே, அவங்க கல்வராயன்மலைக்காரங்கதான், சேலம் மாவட்டப் பக்கம். மானாவாரியா மரவள்ளியும் சாமையும் போட்டு, அதை வித்து, வட்டி கட்டி, மிச்சம் எதுவும் இல்லாத வீட்டுல போய் ஏஜெண்டு ஒருத்தன் அட்வான்ஸ் நீட்டினா என்ன நடக்கும்? மரம் வெட்ட என்ன கூலின்னு பேசுவானே ஒழிய, சுட்டா என்னன்னு பேசமாட்டான். மரத்தைக் கடத்தி விக்கிறவன் எந்த ஏரியிலயும் மிதக்கிறதில்லை.

மறுபடி எல்லாரும் ஒரு டீ சொன்னோம். பனி விலகி வெயில் வந்திருந்தது. அந்த வெயிலைப் பத்தி ஒரு பத்தி எழுதலாம். பொன்னிறம், தங்கக் கம்பின்னு ஜல்லியடிக்கலாம். எனக்கு அது வராது. முதுகுக்கு இதமா இருந்துச்சு, அவ்வளவுதான்.

கிளம்புறப்ப பெரியவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். பக்கத்துலதான். மண்சுவர், முன்னாடி பலா மரம், திண்ணையில கடுக்காய் காயப்போட்டிருந்தாங்க. கல்வராயன்மலைக் கடுக்காய்க்கு நாட்டு மருந்துக் கடையில மவுசு உண்டு. பாட்டி சாமைச் சோறும் கீரைக் கடைசலும் போட்டாங்க. லண்டன்காரர் மூணு வாட்டி வாங்கிச் சாப்பிட்டார். காசு குடுக்கப் போனப்ப பெரியவர் முகம் மாறிருச்சு. வாத்தியார்தான் சமயோசிதமா, "கடுக்காய் வாங்கிக்கிறோம்ப்பா"ன்னார். அதுக்குக்கூட எடை போட்டு, கணக்குப் பாத்து, மீதி சில்லறையைத் தேடி எடுத்துட்டு வந்து குடுத்தார்.

மலையில இருந்து சேராப்பட்டு, சங்கராபுரம் வழியா இறங்கினோம். இந்தப் பக்கம் காடு இன்னும் அடர்த்தி, ரோடு அங்கங்க மோசம். கார்ல யாரும் அதிகமாப் பேசலை. சங்கராபுரம் தாண்டினப்புறம் லண்டன்காரர் வாத்தியாரைக் கேட்டார்: "அந்தப் பையன் நம்பர் உம்மகிட்ட இருக்கா? எங்க ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ்ல ஆள் எடுக்கிறாங்க." வாத்தியார் குடுத்தார். குடுத்துட்டு, "ஊரு எதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி கணக்குக் கேள்வியைக் கேக்கச் சொல்லும்"ன்னார். என்ன ஆச்சுன்னு தெரிஞ்சதும் எழுதறேன். இந்தப் பதிவு எழுதற நாள் வரைக்கும் ரெண்டாவது ரவுண்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க.

போறதா இருக்கிறவங்களுக்கு: டிசம்பர், ஜனவரி சரியான சமயம், ஸ்வெட்டர் அவசியம். பெரியார் அருவி சுலபம். மேகம் அருவிக்கு நடக்கணும், உள்ளூர் ஆள் துணையில்லாமப் போகாதீங்க. மழை பெய்ஞ்சா அருவிக்குள்ள இறங்காதீங்க. சொந்த வண்டி இல்லைன்னா கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு இறங்கின உடனே கேட்டு வெச்சுக்கோங்க. பாட்டில் கொண்டு போறவங்க தயவுசெஞ்சு வேற மலைக்குப் போங்க.

அடுத்து கருமந்துறைப் பக்கமா ஏறலாம்னு திட்டம். கார்ல ஒரு சீட் காலியா இருக்கு.