பழவேற்காட்டில் ஒரு பகல்

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். நமக்கோ அருகிலிருந்த பச்சை கண்ணிலேயே படாமற் போயிற்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் முப்பதாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற நாம், கொடைக்கானலைக் கண்டோம், குற்றாலத்தில் குளித்தோம், தம்பியின் அழைப்பை ஏற்றுப் பினாங்குக்குச் சென்று, அத்தீவை ஒரே பகலில் காரிலே சுற்றியும் வந்தோம். ஆனால் நம் தாயார் பிறந்த பழவேற்காட்டுக்கு, கல்யாண வீட்டுக்கும் மய்யித்து வீட்டுக்கும் ஓடிப்போய்த் திரும்பியதைத் தவிர, ஒரு நாளேனும் நின்று பார்க்கும் எண்ணத்துடன் சென்றதில்லை.

சென்ற தை மாதத்து ஞாயிறன்று அந்தக் குறை தீர வழி பிறந்தது. மகன் புதிதாகக் கார் வாங்கியிருந்தான். "பினாங்கைச் சுற்றினீர்களே வாப்பா, நம் பக்கத்துத் தீவைச் சுற்ற வேண்டாமா?" என்றான். பழவேற்காட்டிலிருந்து பாலத்தைக் கடந்து, கடலோரமாகவே தெற்கே காட்டுப்பள்ளிவரை சென்று, மீஞ்சூர் வழியாக வீடு திரும்புவது அவனது திட்டம். எண்பத்தொரு வயதான உம்மாவையும் அழைத்தோம். "வருகிறேன். என் வாப்பாவின் கபுறடிக்கு ஒருமுறை கூட்டிப்போனால் போதும்" என்றார்கள். "இன்ஷா அல்லாஹ், கட்டாயம்" என்று வாக்களித்தோம்.

தச்சூர் கூட்டுச் சாலையில் பெருஞ்சாலையை விட்டுப் பிரிந்து, பொன்னேரி, திருப்பாலைவனம் வழியே சென்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணந்தான். இரும்பாலைகளின் புகை பின்னே மறைய, நெல் வயல்கள் வந்தன. பின்னர் உவர்க்காற்று வந்தது. சாளரத்துப் பக்கம் அமர்ந்திருந்த உம்மா, "ஏரி வந்துவிட்டது" என்றார்கள். நமக்கு இன்னும் எதுவும் தெரியவில்லை. கண்ணில் புரை விழுந்த அவர்களுக்கு மூக்கு வழிகாட்டிற்று!

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும். அன்றும் வந்திருந்தன. வெண்மையும் இளஞ்சிவப்புமாக நீரில் நின்ற அவற்றைக் கண்டு பேரப்பிள்ளைகள் ஆரவாரித்தனர்.

முதலில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். நுழைவாயிலில் எலும்புக்கூட்டின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே, முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல் பலகைகளில் பெயர்களும் கப்பல்களும் குலச் சின்னங்களும் நேற்றுச் செதுக்கியவை போல் விளங்குகின்றன. தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாத்து வருகிறது. 1613இல் டச்சுக்காரர் இங்கே கெல்திரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை வாணிபம் முழுவதையும் இங்கிருந்துதான் ஆண்டனர். 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதரும் அகழியுமே மிச்சம்.

இவ்வூர்த் தறிகளின் துணியைக் கொண்டுபோய்க் கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் வாசனைப் பொருளும் வாங்கினர். மலாய்க்காரர் இன்றும் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலிகாட்' என்றே அழைக்கின்றனர். பினாங்குக் கடைத்தெருவில் அச்சொல்லைக் கேட்டபோது, அது நம் தாயாரின் ஊர்ப்பெயர் என்று நாம் அறியவில்லை. துணி மட்டுமா கப்பலேறியது? பஞ்சத்திலும் போரிலும் அகப்பட்ட ஏழை மக்களும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக இத்துறையிலிருந்து பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டனர். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

ளுஹர் தொழுகைக்குச் சிறிய பள்ளிவாசலுக்குச் சென்றோம். நேரம் அறிய முன்னோர் நிறுவிய நிழற்கடிகாரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அரபு நாட்டிலிருந்து மரக்கலமேறி வந்தோரின் வழித்தோன்றல்கள் இவ்வூர் முஸ்லிம்கள் என்பது செவிவழிச் செய்தி. உறவினர் வீட்டில் இறால் குழம்புடன் பகலுணவு. அவ்வீட்டுப் பெண்கள் சாயமேற்றிய பனையோலையில் பின்னிய பெட்டி ஒன்றை உம்மாவின் மடியில் வைத்தனர். விரல்களால் தடவிப் பார்த்து, "நானும் பின்னியிருக்கிறேன்" என்றார்கள்.

அங்கிருந்து பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்தோம். "அந்தக் காலத்தில் தோணியில்தான் கடப்போம்" என்றார்கள் உம்மா. படகில் போகவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தனர். 2011 டிசம்பர் 25 அன்று, உல்லாசமாகப் படகேறிய 22 பேர் இங்கே மூழ்கி இறந்ததை எடுத்துச் சொன்னதும் அடங்கினர்.

மேற்கே பக்கிங்காம் கால்வாய், கிழக்கே வங்கக் கடல், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே ஏரியின் முகத்துவாரம். இவற்றுக்கிடையே நீண்டு கிடக்கும் மணல் திட்டே இத்தீவு. முகத்துவாரத்துக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட்டுகள் விண்ணேறுகின்றன. கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பினோம். மீனவர் குப்பங்கள், உலரும் வலைகள், சாலையின்மீதே ஏறிக் கிடந்த கடல் மணல். பின்னர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானில் தெரிந்தன. மகன் படமெடுத்தான், பிள்ளைகள் கப்பல்களை எண்ணினர்.

உம்மா மட்டும் பேசவில்லை. ஓலைப்பெட்டியை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தார்கள். அப்போதுதான் நம் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. இவ்வழியே சென்றால் மீஞ்சூர், அப்பால் வீடு. கொடுத்த வாக்கு என்னாயிற்று? யாரோ ஒரு டச்சுக்காரரின் கல்லறைக்கு ஒரு மணி நேரம் கொடுத்த நாம், பெற்ற தாயின் தந்தைக்குக் கால் மணி நேரமும் ஒதுக்கவில்லை! அவர்களோ நினைவூட்டவும் இல்லை. பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்கலாகாது என்று எண்ணினார்களோ என்னவோ!

"வண்டியைத் திருப்பு" என்றோம். தீவைச் சுற்றும் திட்டம் பாதியில் நின்றது. மகன் மறுபேச்சின்றித் திருப்பினான்.

மையவாடியை அடைந்தபோது அஸர் நேரமாகிவிட்டது. வழக்கப்படி உம்மா மதிலுக்கு வெளியே நின்றார்கள். "வாயிலிலிருந்து நேரே போனால் கிணறு. கிணற்றுக்குத் தெற்கே பூவரச மரம். மரத்தடியில் மூன்றாவது கபுறு" என்று அடையாளம் சொன்னார்கள். உள்ளே சென்று தேடினோம். கிணறு இருந்தது, மரம் இல்லை. எங்கும் சமமான மணலும் புல்லும். மோதினார், "புயலில் விழுந்த மரம். நான் வேலைக்கு வருமுன்பே இல்லை. இங்கே பெயர் பொறிக்கும் வழக்கமும் கிடையாதே" என்றார்.

வெறுங்கையுடன் திரும்பி, தலைகுனிந்து உண்மையைச் சொன்னோம். உம்மா சற்று நேரம் மௌனமாக இருந்தார்கள். பிறகு, "அதனாலென்ன? எல்லோரும் நம்மவர்கள்தானே. எல்லோருக்கும் சேர்த்தே ஓதுவோம்" என்று கையேந்தினார்கள். மதிலுக்கு இப்பால் நம் குடும்பம் முழுவதும் நின்று துஆச் செய்தது.

திரும்பும் வழியில் பேத்தி கேட்டாள்: "அந்த டச்சுக்காரர் பெயர் இவ்வளவு காலம் இருக்கிறதே, பாட்டிமா, உங்கள் வாப்பாவின் பெயர் ஏன் இல்லை?" நாம் விடை தேடுமுன் உம்மாவே சொன்னார்கள்: "கல்லில் எழுதாவிட்டால் போகிறது. நீ எழுதிக்கொள்." பொன்னேரியில் நிறுத்தி ஒரு குறிப்பேடு வாங்கினோம். கும்மிடிப்பூண்டி வந்து சேரும்வரை உம்மா சொல்லச் சொல்ல, ஐந்து தலைமுறைப் பெயர்களை அவள் எழுதினாள். அவற்றில் நாம் அறிந்திருந்தவை இரண்டு தலைமுறைகளே.

கபுறு எளிமையாக இருப்பது நம் மரபு, அதில் குறையொன்றுமில்லை. ஆனால், கல்லில் எழுதாத சமூகம் நெஞ்சிலாவது எழுதிவைக்க வேண்டாமா? அந்த நெஞ்சங்களும் ஒவ்வொன்றாய் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் சாளரத்தோரம் மௌனமாக அமர்ந்திருக்கக்கூடும். அவர் பிறந்த ஊருக்கு ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். ஊரைப் பிறகு சுற்றலாம். முதலில் அவர் சொல்லும் இடத்துக்குப் போங்கள்.