தேய்ந்த எழுத்தும் தேய்த்த எழுத்தும்

பழமையைக் காட்ட வேண்டுமென்றால் நம் வடிவமைப்பாளர்கள் இன்று முதலில் தேடுவது சிதைந்த எழுத்துருவைத்தான். கிராமத்துப் படத் தலைப்பு, செக்கெண்ணெய் பாட்டில், பிரியாணிக் கடைப் பலகை என எங்கு பார்த்தாலும் விளிம்பு பிசிறி, நடுவில் மை பிடிக்காமல், அங்கங்கே சுரண்டிவிட்டது போன்ற கொட்டை எழுத்து. கேட்டால் லெட்டர்பிரஸ் (ஈய, மர எழுத்துகளைக் கோத்து அடிக்கும் அச்சு) சாயல் என்கிறார்கள். அந்தச் சாயலின் பிறப்பிடத்தைப் பார்க்கத்தான், இன்னும் ட்ரெடில் அச்சு இயந்திரம் ஓடுகிற ஒரு சிறு அச்சகத்துக்கு நண்பர் மூலமாகப் போனேன். அங்கே கண்டதிலிருந்து எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: அச்சுத் தொழிலின் அடையாளமாக நாம் கொண்டாடும் இந்தச் சிதைவோடுதான் அத்தொழிலாளி ஆயுள் முழுக்க மல்லுக்கட்டினார்.

எழுத்துக் கோப்பதையும் சட்டத்தில் இறுக்கிப் பூட்டுவதையும் விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு நடப்பதுதான் இங்கே முக்கியம். ஈய எழுத்தின் உயரம் 0.918 அங்குலம் என்பது ஆங்கில, அமெரிக்க அச்சுலகம் வகுத்த அளவு. மெல்லிய தாள் ஒன்றின் கனம் அளவுக்கு எழுத்து தேய்ந்தாலும் அது தாளில் சரியாகப் பதியாது. மிஷின்மேன் ஒரு புரூஃப் (சோதனைப் படி) எடுக்கிறார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரல் நுனியால் தடவுகிறார். எந்த எழுத்து அழுந்தவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த இடத்துக்கு நேராக, தாளைத் தாங்கும் பலகையில் நகத்தளவு டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து ஒட்டுகிறார். மறுபடி புரூஃப், மறுபடி விரல். ஒட்டும் காகிதத்தைக் கத்தரிப்பதில்லை. கிழித்தால்தான் ஓரம் மெலிந்து, தாளில் தடம் விழாது. காது உடைந்த எழுத்து உருக்கும் டப்பாவுக்குப் போகிறது. இத்தனை பாடும் எதற்கு? பத்திரிகையில் மணமகன் பெயர் மங்கலாக விழக்கூடாது என்பதற்காக. மங்கலை விரும்பிய அச்சுக்காரர் அந்தத் தொழிலில் ஒருவரும் இருந்திருக்க முடியாது.

போலிப் பழமை கணினியோடு வந்ததல்ல, ஈய எழுத்துக் காலத்திலேயே இருந்தது என்று வாதிடலாம். உண்மைதான். காஸ்லான் ஆன்டிக் என்ற ஈய எழுத்து 1890களிலேயே விளிம்பு நைந்த தோற்றத்தோடு வார்த்து விற்கப்பட்டது. 1991-இல் எரிக் வான் பிளோக்லாந்து அழுக்குப் படிந்த தட்டச்செழுத்தின் தோற்றத்தில் டிரிக்ஸி எழுத்துருவைச் செய்தார். டிரிக்ஸியை நான் மதிக்கிறேன். தட்டச்சில் மை எங்கே தேங்கும், எங்கே குறையும் என்று கவனித்துச் செய்த வேலை அது. நம் சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் அப்படியல்ல. மரக்கட்டை எழுத்து முதலில் தேய்வது முனையிலும் ஓரத்திலும். எழுத்துருவிலோ எழுத்தின் மேல் சீராகத் தூவிய புள்ளிகள். ‘பக்கம்’ என்று அடித்தால் இரண்டு ககரத்திலும் அதே கீறல், அதே இடத்தில். கேஸில் (எழுத்துப் பெட்டியில்) கிடக்கும் ககரங்களில் ஒன்றின் காயம் மற்றொன்றில் இராது. ஓர் எழுத்துக்கு நான்கைந்து மாற்று வடிவம் வைத்து இதைச் சரிசெய்யலாம் என்பார்கள். கீறல் திரும்பத் திரும்ப வருவது அதனால் குறையும். கீறல் தமிழுக்குச் செய்யும் கேடு குறையாது.

ஆங்கிலத்தில் எழுத்தின் வயிற்றில் ஒரு கீறல் விழுந்தால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். தமிழில் புள்ளி ஒன்று அழிந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். தூவிய சிதைவு புள்ளியையும் விடுவதில்லை. சில இடங்களில் இல்லாத புள்ளியையும் வைத்துவிடுகிறது. ணகரத்தின் சுழிகளுக்கிடையே உள்ள சின்ன வெளி அடைத்துக்கொள்கிறது. இரண்டு சொல் தலைப்புக்கு, பெரிய அளவில், வடிவமைப்பாளர் ஒவ்வொரு புள்ளியையும் கையால் காப்பாற்றினால் இந்த எழுத்துரு பொருந்தும். மருந்துக் குறிப்புக்கும் பொட்டலத்தின் பின்பக்கத்துக்கும் இது ஆகாது.

அந்த அச்சகத்தின் கேஸில் இன்னொன்றையும் பார்த்தேன்: துதிக்கை போட்ட பழைய லை, ணை, கீழே சுழித்த ணா, றா, னா. 1978-இல் தமிழக அரசு மாற்றிய 13 எழுத்துகளின் வார்ப்புகள் தூசி படிந்து கிடக்கின்றன. பெரியார் 1935-இலேயே குடிஅரசு இதழில் சீர்திருத்த எழுத்தைப் புழங்கத் தொடங்கியவர். ஆகவே அதற்குப்பின் வந்த எல்லா அச்சும் பழைய வடிவில் என்று சொல்ல முடியாது. ஆனால் 1950களின் பொது அச்சில் பெரும்பகுதி பழைய வடிவம்தான். அந்தக் காலத்துக் கதை என்று சொல்லும் சுவரொட்டியில் இன்றைய ‘லை’யைப் போட்டு, அதன் மேல் நான்கு கீறல் கீறுவதற்கு என்ன பொருள்? காலம் இருந்தது எழுத்தின் உருவத்தில். அதைக் கற்க உழைப்பு வேண்டும்; கீறலுக்கு ஒரு சொடுக்கு போதும்.

இத்தகைய எழுத்துருவால்தான் லெட்டர்பிரஸ் மீது மக்களுக்கு ஆசை வருகிறது, அது தொழிலுக்கு நல்லதுதானே என்ற வாதத்தை நான் எளிதில் தள்ளவில்லை. ஆசை வருகிறது. அதன் காசு யாரிடம் போகிறது என்பதுதான் என் கேள்வி. ஈயம் எடைக்கு எடை பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. மர எழுத்துகளை வாங்கிப்போகும் இடைத்தரகர், அவற்றைத் தனித்தனியாக வரவேற்பறை அலங்காரமாக விற்கிறார். அச்சுப்படியை வருடியில் எடுத்து எழுத்துருவாக்குபவர் உரிமம் போட்டு விற்கிறார். முப்பது நாற்பது வருடம் விரலால் தடவிச் சரிசெய்தவருக்கு இந்த வரவில் ஒரு பைசா இல்லை. வேறு வழியும் உண்டு. அமெரிக்காவில் டூ ரிவர்ஸ் ஊரிலுள்ள ஹாமில்டன் மர எழுத்து அருங்காட்சியகம், பி22 எழுத்துரு நிறுவனத்தோடு சேர்ந்து தன் பழைய எழுத்துகளைக் கணினிக்குக் கொண்டுவந்தது. விற்பனையில் ஒரு பங்கு அருங்காட்சியகத்துக்கே திரும்புகிறது. அந்த எழுத்துருக்கள் பெரும்பாலும் பிசிறில்லாமல், தெளிந்த விளிம்போடு வரையப்பட்டவை.