துச்சாதனன் அண்ணன்

எங்கள் கூத்து ஜமாவில் முப்பது வருஷத்துக்கும் மேலாகத் துச்சாதனன் வேஷம் கட்டியவர் போன ஐப்பசியில் காலமானார். ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. "துச்சாதனன் வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடத் தறிச்சத்தம் கேட்கும் அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போய் விட்டுவிடும். நானும் இங்கே அவரை அப்படியே எழுதுகிறேன். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

நான் அவருக்கு எதிரில் பாஞ்சாலி கட்டியவன். 1976இல் பள்ளிக்கூட வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தேன். மெலிந்த உடம்பு, மீசையும் சரியாக அரும்பவில்லை. பெண் வேஷத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர்கள் விடுவார்களா? கூத்தில் 'வாத்தியார்' என்றால் ஜமாவை நடத்துகிறவர். ஆகவே நிஜ வாத்தியாரான என்னை எல்லாரும் 'சார்' என்றார்கள். அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவர். அவரும் கடைசிவரை 'சார்'தான்.

பகலில் அவருக்குக் குழித்தறி. பட்டுப் புடவை நெய்கிறவர். காலை ஆறு மணிக்குக் குழிக்குள் காலை விட்டால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். மிதிக்கட்டையை மிதித்த அதே கால்தான் ராத்திரி சலங்கை கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடும். சித்திரை, வைகாசியில் கல்யாணப் புடவைகளுக்கு அவசரம். அதே மாதங்களில்தான் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பார்கள், கூத்து வைப்பார்கள். புடவைக்கு முன்பணம் கொடுத்த முதலாளி வாசலில் வந்து நின்று சத்தம் போட்டது எனக்குத் தெரிந்தே நாலைந்து தடவை. அண்ணன் பதில் பேசாமல் தறியில் இறங்கி உட்கார்ந்துவிடுவார். கண் மட்டும் சிவந்திருக்கும்.

பகடை துகில் நடக்கும் ராத்திரியைப் பற்றி நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நான் ஆறேழு புடவைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு நிற்பேன். சபைக்குள் என்னை இழுத்து வரும்வரை அவர் துச்சாதனன். புடவையில் கை வைக்கும் நேரம் வந்ததும் ஆட்டம் நிற்கும், மேளம் அடங்கும். கற்பூரம் ஏற்றி, பாஞ்சாலியாக நிற்கும் என் காலடியில் விழுந்து, "தாயே, இது வேஷத்துக்காக, என்னை மன்னிச்சிடு" என்று கும்பிடுவார். எழுந்ததும் மறுபடி அந்தச் சிரிப்பு. முன்வரிசைப் பெண்கள் அப்போதே ஆவேசம் வந்து ஆடத் தொடங்கியிருப்பார்கள். ஒரு கிழவி மண்ணை வாரி அவர்மேல் தூற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அவர் அந்த மண்ணோடேயே ஆடி முடித்தார்.

எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி வேறு. அண்ணன் முந்தானையை ஒருநாளும் வெடுக்கென்று இழுத்ததில்லை. விரல்நுனியால் கரையோரம் பிடித்து, இழை நலுங்காமல் உருவுவார். பார்க்கிறவர்களுக்குப் புலி பாய்கிற மாதிரி இருக்கும். கையில் நெசவுக்காரனின் பதமும் இருக்கும். ஒரு தடவை உச்சக்கட்டத்தில் என்னிடம் குனிந்து, "சார், இது பவர்லூம்" என்றார். பாஞ்சாலி கண்ணனைக் கூப்பிட்டு அழ வேண்டிய இடம். நான் சிரிப்பை அடக்கத் தோளைக் குலுக்கினேன். ஜனங்கள் அதை அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

செய்யாறு பக்கம் புரிசைக்குப் போய் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்துவிட்டு வருவது அவருக்குத் தீர்த்த யாத்திரை மாதிரி. ந. முத்துசாமி போன்றவர்கள் சென்னையில் கூத்துப்பட்டறை தொடங்கி, நம் பக்கத்துக் கூத்தைப் பட்டணத்தார் மதிக்கும்படி செய்ததையெல்லாம் நான் படித்துச் சொல்வேன். "நம்மள மதிக்கிறாங்களா, ஆட்டத்தையா?" என்பார். 2016இல் பாரிஸில் ஒரு பெரிய நாடகக் குழு, புரிசை சம்பந்தத் தம்பிரானிடம் கற்றுக்கொண்டு, பிரெஞ்சு நாடகத்துக்குள் தெருக்கூத்தையே வைத்து ஆடியது. கிரீடமும் புஜக்கட்டையுமாக வெள்ளைக்காரர்கள் ஆடுகிற படங்களைச் செல்போனில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அடவு பரவால்ல. சேலைய எப்டிப் புடிக்கிறாங்கன்னு தெரியலியே சார்" என்றார்.

முழங்கால் போய், 2010 வாக்கில் வேஷத்தை நிறுத்திக்கொண்டார். தறியையும் அதற்குப் பிறகு சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். குழியை மூடி சிமெண்ட் பூசிய இடத்தில்தான் கட்டில் போட்டுப் படுத்திருப்பார். மகனுக்கு ஆட்டம் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை செய்யும் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், ஷிஃப்ட் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் கற்றுக்கொண்டான். முதல் ஆறு மாதம் அவனுக்கு அடவு சொல்லித் தரவில்லை. பழைய புடவை ஒன்றைக் கொடி கட்டித் தொங்கவிட்டு, பிடிக்கச் சொன்னார், அவ்வளவுதான். பையன் என்னிடம் வந்து புலம்பினான். போய்ப் பிடி தம்பி என்றேன்.

அண்ணி மட்டும் துகில் ராத்திரியில் கூத்துப் பார்க்க வந்ததே கிடையாது. கர்ண மோட்சத்துக்கு வருவார், பதினெட்டாம் போருக்கு வருவார். துகிலன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். மறுநாள் அண்ணன் குளித்து, கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசி வந்த பிறகுதான் சோறு. "அந்தக் கையி நேத்து எங்க பட்டுதோ" என்பார். அண்ணன் கைகள் இரண்டையும் குழந்தை மாதிரி நீட்டிக் காட்டுவார். இதை அவர்கள் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டாலும் முழுக்க விளையாட்டு என்று நான் நினைக்கவில்லை.

இந்தச் சித்திரையில் அந்தப் பையன் துச்சாதனன் கட்டினான். கிரீடம் அண்ணனுடையது. ஜிகினா மட்டும் புதிது. நான் பின்பாட்டுக்காரர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி இருக்கும், பெண்கள் கூட்டத்தில் அண்ணியைப் பார்த்தேன். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன் கற்பூரம் ஏற்றினான், விழுந்து கும்பிட்டான், எழுந்து கரையோரம் தேடிப் பிடித்தான்.

விடிந்து ஜனங்கள் கலையும்போது அண்ணி என்னிடம் வந்தார்.

"அவுரும் இப்டித்தான் கும்புடுவாரா சார்?"

"இதைவிட அதிக நேரம் அண்ணி" என்றேன்.

"எங்கிட்ட சொல்லவேயில்ல பாரு" என்று சொல்லிவிட்டுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.