கல்யாண ஆல்பமும் சிவப்பு மூடியும்

தைராய்டு கண் நோயோடு யார் வந்தாலும், ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்கு முன்னால் பழைய போட்டோவைத்தான் கேட்பேன். கல்யாண ஆல்பம் உத்தமம். ஆதார் படம் உதவாது. அதில் எல்லோருக்குமே முழி பிதுங்கித்தான் இருக்கும். கண் இன்று எவ்வளவு துருத்தியிருக்கிறது என்பதை ஹெர்ட்டல் கருவி மில்லிமீட்டரில் சொல்லிவிடும். நேற்று எப்படி இருந்தது என்று ஆல்பம்தான் சொல்லும்.

"முறைக்கிறேன்னு எல்லாரும் சொல்றாங்க டாக்டர், ஆபரேஷன் பண்ணிடுங்க." தொடக்கத்தில் எனக்கும் கை துறுதுறுத்ததுண்டு. ஆனால் இந்த நோய் ஏறும், உச்சியில் நிற்கும், கொஞ்சம் இறங்கி அப்படியே உறைந்துவிடும். 1945-இல் ரண்டில் என்பவர் விவரித்த போக்கு அது. ஏறுமுகத்தில் இமையைச் சீர்செய்தால், சில மாதங்களில் அது மறுபடி நகர்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

ஏறும்போது மருந்து. லேசானதென்றால் கண்ணீர்ச் சொட்டு, இரவில் ஜெல், ஆறு மாதம் செலினியம். கண் சிவந்து, வீங்கி, அசைத்தாலே வலித்தால் வாரம் ஒருமுறை மெத்தில்பிரெட்னிசலோன் டிரிப். 12 வாரத்தில் மொத்தம் 4.5 கிராம். சர்க்கரையும் கல்லீரலும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். சிகரெட்டை விடாதவரிடம் எந்த மருந்தும் சரியாக எடுபடாது. 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெப்ரோடுமுமாப் துருத்தலையே குறைக்கிறது. காது மந்தமாகலாம், சர்க்கரை ஏறலாம். விலையைச் சொன்னால் என்னிடம் வருபவர்களில் பலர் எழுந்து போய்விடுவார்கள்.

பொறுமைக்கு ஒரு விலக்கு உண்டு. கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டுவேன். "இந்தக் கண்ணுல செங்கல் கலரா இருக்கே" என்றால் நரம்பு நசுங்குகிறதோ என்ற சந்தேகம். அது உறுதியானால் அன்றே அதிக அளவு ஸ்டீராய்டு. இரண்டு வாரத்தில் தேறாவிட்டால் கண்குழி எலும்பைக் குறைத்து இடம் உண்டாக்க வேண்டியதுதான்.

மற்றவர்களுக்கு, நோய் ஆறு மாதமாவது அடங்கிக் கிடந்த பிறகே கத்தி. முதலில் எலும்பு, பிறகு மாறுகண், கடைசியில் இமை. எலும்பில் கை வைத்தால் பார்வை புதிதாக இரட்டையாகலாம். தசையைத் தொட்டால் இமையின் உயரம் மாறலாம். வரிசையைப் புரட்டினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும்.

இமைக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, நடுவில் எழுப்பி உட்காரவைத்து உயரம் பார்ப்பேன். ஒருமுறை இரண்டையும் சமமாக்கிவிட்ட திருப்தியில் ஆல்பத்துப் படத்தை ஏறிட்டேன். மணக்கோலத்திலேயே அந்த அம்மாவின் இடது இமை ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. ஒரு தையலைத் தளர்த்தினேன்.