பாரம் சுமந்த பழைய லாரி

புதிதாக வாகனம் வாங்கியவர்கள் அதனை ஆலய முற்றத்திற்குக் கொண்டுவந்து மந்திரித்துத் தரும்படி கேட்பது நம் பகுதியில் நிலவும் நல்வழக்கம். வேளாங்கண்ணி வரை ஓட்டிச் சென்று மந்திரித்து வருவோரும் உண்டு. என் குருத்துவப் பணிக்காலத்தில் மிதிவண்டி முதல் டிராக்டர் வரை எத்தனையோ வண்டிகளின் மீது தீர்த்தம் தெளித்திருக்கிறேன். ஆனால், உழைத்து ஓய்ந்த வண்டியொன்றைக் காட்டி, "இதற்காக நன்றி கூறிச் செபியுங்கள்" என்று கேட்டவர் ஒருவருமில்லை. பழைய வண்டிக்கு நாம் அறிந்த வழி ஒன்றே. அது பழைய இரும்புக் கடைக்குச் செல்லும் வழி.

அவ்வழியே செல்லாத லாரி ஒன்று சுரக்குடியில் இருக்கிறது. பழைய நெல் ஆலையை ஒட்டிய கொட்டகையில், நான்கு மரக்கட்டைகளின் மேல் அச்சுகளைத் தாங்கி நிற்கிறது. 1968ஆம் ஆண்டில் வந்த டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் 1210 அது. எழுபத்தெட்டு வயதான அதன் ஓட்டுநர், தம் முதலாளியிடமிருந்தே அதனை விலைக்கு வாங்கி, ஓட்டம் நின்றபின் பழுது பார்ப்பதையே தம் பொழுதுபோக்காக்கிக் கொண்டார். திங்கட்கிழமைப் பிற்பகல்களில் நானும் அங்கே செல்வதுண்டு. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்ற என் கைக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுத் தந்தவர் அவரே.

இவ்வண்டியின் வரலாறு நம் மண்ணின் வரலாற்றோடு இணைந்து செல்கிறது. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. அதே ஆண்டில்தான் டாட்டாவின் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரிகள் செய்யத் தொடங்கியது. 1969ஆம் ஆண்டு அவ்வொப்பந்தம் முடியும்வரை வண்டிகளின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. நம் மக்கள் அவற்றைப் 'பென்ஸ் லாரி' என்றே அழைத்தனர். 1210 என்ற எண்ணும் பொருளற்றதன்று. முதல் இரண்டு இலக்கங்கள் பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை 12 டன் என்பதையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஏறத்தாழ 100 குதிரைத்திறன் என்பதையும் குறிப்பன.

தொழிற்சாலையிலிருந்து வருவது சட்டமும் எஞ்சினும் முகப்பும் மட்டுமே. ஓட்டுநர் அமரும் அறையையும் பாரம் ஏற்றும் பெட்டியையும் நாமக்கல் போன்ற ஊர்களில் தச்சரும் கொல்லரும் கூடிக் கட்டினர். ஆகவே, ஒவ்வொரு பழைய லாரியும் பாதி ஆலையின் வேலை, பாதி நம் ஊர்க் கைகளின் வேலை. 1898இல் திறக்கப்பட்ட பேரளம்–காரைக்கால் இரயில் பாதை 1980களில் மூடப்பட்டபின், நெல்லும் உரமும் செங்கல்லும் நெடுங்காலம் இத்தகைய வண்டிகளின் முதுகில்தான் இவ்வூர்களுக்கு வந்து சேர்ந்தன.

பழைய லாரியைப் பேணுதல் எத்தகைய வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பெரும்பகுதி, கேடு வராமல் காப்பதுதான். கடற்காற்றின் உப்பு சட்டத்தை அரிக்கும். துருவைச் சுரண்டி, செந்நிற அடிப்பூச்சு பூசி, அதன்மேல் வண்ணம் தீட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டீசல் தொட்டியில் ஈரம் சேரும்; வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். வயல் எலிகள் மின்கம்பிகளைக் கடிக்கும். சக்கரங்கள் தரையில் அழுந்தி நின்றால் டயர் பாழாகும்; அதற்காகவே அந்த மரக்கட்டைகள். மாதம் ஒருமுறை எஞ்சினை இயக்கி, எண்ணெய் எல்லா உறுப்புகளுக்கும் சென்று சேரச் செய்ய வேண்டும். உதிரிப்பாகங்களுக்குப் பெருந்துன்பம் இல்லை. ஒப்பந்தம் முடிந்த பின்னும் அதே குடும்பத்து வண்டிகளை டாட்டா பல ஆண்டுகள் செய்து வந்ததால், சென்னைப் புதுப்பேட்டையில் பொறுமையோடு தேடுவோருக்கு ஏதேனும் கிடைத்துவிடுகிறது.

அந்த எஞ்சினில் மின்னணுக் கருவி எதுவும் இல்லை. குளிர்ந்த எஞ்சினை இயக்குமுன் 'ஹீட்டர்' விசையை இழுத்துப் பிடித்தால், முகப்புப் பலகையில் ஒரு சிறு கம்பி மெல்லச் சிவக்கும். அது நன்கு சிவந்தபின்னரே எஞ்சினைச் சுழற்ற வேண்டும். ஒரு நாள் அது இயங்கியும் சீராக ஓடாமல் குலுங்கியது. பெரியவர் ஆறு சிலிண்டர்களுக்கும் டீசல் செல்லும் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தி, மீண்டும் இறுக்கிக்கொண்டே வந்தார். நான்கு குழாய்களைத் தளர்த்தியபோதும் ஓசை மேலும் தடுமாறிற்று. ஐந்தாவதைத் தளர்த்தியபோது எந்த மாற்றமும் இல்லை. வேலை செய்யாதது அதுவே.

"நம்ம பாடகர் குழுவிலயும் இப்படித்தானே சாமி? எல்லாரும் வாயை அசைப்பாங்க. ஒவ்வொருத்தரா நிறுத்திப் பார்த்தாத்தான் யார் பாடலைன்னு தெரியும்" என்றார் அவர். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்போது பெரியவரின் கண்பார்வை மங்கிவிட்டது. வால்வுகளின் டேப்பட் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டின் எண்ணை அவரால் படிக்க இயலவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலும் பேரன் தகட்டைப் பிடிக்கிறான். அவர் அருகில் நின்று காதால் தீர்ப்புச் சொல்கிறார். இன்றைய வண்டியின் குறையைக் கணினித் திரையில் படிக்கக் கற்றுவரும் அப்பிள்ளை, ஓசையைக் கேட்டுக் குறை காணும் கலையைத் தாத்தாவிடம் பெறுகிறான். இக்கலை எந்தப் பாடநூலிலும் முழுமையாக எழுதப்பட்டதன்று. ஓடும் எஞ்சின் ஒன்று முன்னே இருந்தாலன்றி அதனைக் கற்பிக்கவும் இயலாது.

பழைய வண்டிகளைப் போற்றும் வழக்கம் உலகெங்கும் உண்டு. பிரிட்டனில் பழைய லாரி, பேருந்துகளுக்கென்றே 1958இல் ஒரு சங்கம் தோன்றியது. 1962 முதல் அவ்வண்டிகள் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு அணிவகுத்துச் செல்லும் விழாவும் நடைபெறலாயிற்று. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தோன்றி, எண்ணூரில் கார்களைப் பூட்டி, 1955இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிய நம் நிறுவனத்தை நாம் அனைவரும் அறிவோம். அப்பெயரிலுள்ள லேலண்டு, இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள ஓர் ஊர். அவ்வூரில், பழைய லாரி ஆலையின் கட்டடத்திலேயே, பார வண்டிகளுக்கென ஓர் அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

நம் நாட்டில் நிலைமை வேறு. டில்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் பழங்கார் ஊர்வலம் 1964இலேயே தொடங்கிவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசு, ஐம்பது ஆண்டு கடந்த பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. அவ்விதிகள் இருசக்கர வண்டிகளையும், சொந்த உபயோகத்திற்கான கார்களையுமே தழுவின. லாரிக்கு அவற்றில் இடம் தரப்படவில்லை. அடுத்த மாதமே பழைய வண்டிகளை உடைத்தழிக்கும் கொள்கை தொடங்கி வைக்கப்பட்டது. மன்னர்களும் செல்வர்களும் ஏறிச் சென்ற கார் பழம்பொருளாயிற்று. அவர்களுக்கும் நமக்கும் சோறு கொண்டுவந்த லாரி பழைய இரும்பாயிற்று.

அக்கொள்கையில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பழைய டீசல் எஞ்சின் கக்கும் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குக் கேடு. தேய்ந்த பிரேக் உயிருக்கு உலை. அன்றைய ஓட்டுநர்கள் வெப்பத்திலும் இரைச்சலிலும் பட்ட பாடு, இன்றைய ஓட்டுநர்களுக்கு வரவேண்டாம். எல்லாப் பழைய லாரிகளும் மீண்டும் சாலையில் ஓட வேண்டும் என்று யார் கேட்பார்? சுரக்குடி லாரியும் சாலைக்கு வருவதில்லை. ஆயினும், ஆயிரத்தில் ஒன்றையாவது உயிரோடு வைத்திருப்பது அவசியம். ஏர்க்கலப்பையையும் மரக்காலையும் காட்சிக்கு வைக்கும் நாம், அவற்றால் விளைந்ததையும் அளந்ததையும் ஊர் ஊராகச் சுமந்த வண்டியை ஏன் மறக்க வேண்டும்? மனைவி மக்களை விட்டு இரவெல்லாம் விழித்திருந்து ஓட்டியவர்களும், முதுகில் மூட்டை சுமந்து ஏற்றியவர்களும் நம் பங்குகளில் வாழ்ந்தவர்கள்தாம். அவர்களுள் பெரும்பாலோருக்குச் சிலையில்லை, கல்வெட்டில்லை. அவர்கள் கைபட்டு வழவழப்பான ஸ்டியரிங் வளையம் மட்டும் அங்கங்கே எஞ்சியிருக்கிறது.

அந்த லாரிக்கும் இப்போது சோதனை வந்துள்ளது. பேத்தியின் திருமணச் செலவுக்காகக் கொட்டகை நிற்கும் மனையை விற்கும் தேவை அக்குடும்பத்திற்கு நேர்ந்திருக்கிறது. இரும்பு வியாபாரி கிலோ கணக்கில் விலை பேசிச் சென்றுவிட்டார். வெளிநாட்டில் உழைக்கும் மகன், "அப்பா, வித்துடுங்க" என்கிறார். அவரை நான் குறை கூற மாட்டேன். பெண்ணின் வாழ்வை ஒத்திவைத்து இரும்பைக் காப்பது அறமன்று. பெரியவரும் அதனை அறிவார். "கல்யாணம் முதல்ல நடக்கட்டும் சாமி" என்று என்னிடம் சொன்னவர் அவரே. சொல்லிவிட்டு அன்று மாலையும் வழக்கம்போல் கிரீஸ் டப்பாவைத் திறந்தார்.

ஆகவே, அன்பான குடும்பங்களுக்கு இரு வேண்டுகோள்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ கொல்லைப்புறத்திலோ தந்தையோ பாட்டனோ உழைத்த வண்டியின் புகைப்படம், பதிவுப் புத்தகம், கருவிப்பெட்டி ஏதேனும் இருந்தால் வீசிவிடாதீர்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே அருகில் அமர்ந்து, எந்தச் சாலை, எந்தச் சரக்கு, எந்தப் பழுதை எப்படித் தீர்த்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். மற்றொன்று, காரைக்கால் சுற்றுவட்டாரத்தில் மழை ஒழுகாத கொட்டகையொன்று எவரிடமேனும் வெறுமையாகக் கிடந்தால், எனக்குத் தெரிவியுங்கள். முப்பதடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் உயரமான வாயிலும் இருந்தால் போதும். லாரியை இழுத்து வருவதற்கான ஏற்பாட்டை அப்பேரனும் நானும் பார்த்துக்கொள்வோம்.